கடல் நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

ராமேசுவரத்தில் விசைப்படகுகள் இரவெல்லாம் மடி என்கிற இழுவை வலையை இழுத்துவிட்டுக் காலையில் கரை சேரும். கூடைகளை இறக்கும் நேரத்தில் அங்கே போய் நின்று பாருங்கள். இறால் தனி, கணவாய் தனி, நண்டு தனி, காரல் தனி என்று மளமளவெனப் பிரித்துப் போடுவார்கள். ஏலம் இவற்றுக்குத்தான். இதெல்லாம் போக ஓரத்தில் ஒரு குவியல் கிடக்கும். கழிசல் என்பார்கள். விரல் நீளம்கூட வராத குஞ்சு மீன்கள், நசுங்கிய சிறு நண்டுகள், நட்சத்திர மீன், சிப்பி, இவற்றோடு பின்னிக்கொண்டு வந்த கடற்புல். மீன்மாவு ஆலைக்குப் போகிற சரக்கு அது.

அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் சில நாள் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். கையில் ஒரு அளவுகோல், நோட்டு, சின்னத் தராசு. ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் எழுதி, நீளம் பார்த்து, எடை போட்டுக் கீழே வைப்பார். கடல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தவர். ஏலக்காரர் ஒதுக்கிவிட்ட குவியலில்தான் அவருக்கு வேலை. நேற்று ராத்திரி கடலடித் தரையில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

கடலின் நலம் பற்றிய ஆராய்ச்சி என்றதும் பெரிய கப்பலும் ஆழ்கடல் கருவியும் நம் நினைவுக்கு வரும். அதுவும் உண்டுதான். ஆனால் பெரும்பகுதி வேலை இப்படித்தான் நடக்கிறது: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பொறுமையாக எண்ணுவது. அப்படி எண்ணி என்ன கண்டுபிடிக்கிறார்கள், அதிலிருந்து கடல் நன்றாக இருக்கிறது, இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதைத்தான் இங்கே எளிமையாக விளக்கப் பார்க்கிறேன். உதாரணத்துக்குப் பெரும்பாலும் மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் நெடுநாளாகக் கவனித்துக் குறிப்பெடுத்து வரும் கடல்களில் அது ஒன்று.

பட்டியலும் வேலையும்

பல்லுயிர்ப் பெருக்கம் என்ற சொல்லைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். விதவிதமான உயிர்கள் நிறைய இருப்பது என்று பொதுவாகப் புரிந்துகொள்கிறோம். அதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலாவது, எத்தனை வகையான வாழிடங்கள்: பவளப்பாறை, கடற்புல் வெளி, அலையாத்திக் காடு, சேற்றுத் தரை, திறந்த கடல். இரண்டாவது, அவற்றில் எத்தனை இனங்கள். மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. ஒரே இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு. பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்த ஒரே வகைப் பவளத்தில் ஒன்று வெயில் காலத்து வெந்நீரில் வெளுத்துப்போகும், இன்னொன்று அசையாமல் நிற்கும். நாளைக்குக் கடல் இன்னும் சூடானால் பிழைக்கப் போவது இந்த இரண்டாவதின் வாரிசுகள்தான். அதனால் ஒரு இனம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் போதாது.

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். உலகக் கடல்களில் இதுவரை பெயர் வைத்துப் பதிவான இனங்கள் ஏறக்குறைய 2,40,000. 2000-ல் தொடங்கி 2010 வரை நடந்த கடல் உயிர்க் கணக்கெடுப்பில் 80-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 2,700 விஞ்ஞானிகள் வேலை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டில் மட்டும் 1,200-க்கும் அதிகமான புதிய இனங்களுக்குப் பெயர் வைத்தார்கள். மன்னார் வளைகுடாவில் 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் என்று எல்லா அறிக்கைகளிலும் இருக்கும். அதில் பவளங்கள் மட்டும் 117 வகை.

இந்த 3,600 என்ற எண்ணைச் செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். எண் பெரிதுதான், பெருமைதான். ஆனால் கடல் எப்படி இருக்கிறது என்று அது எதுவும் சொல்வதில்லை. ஒரு ஊரில் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த ஊர் நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துவிடுமா? தண்ணீர் திறந்துவிடுபவர் இருக்கிறாரா, குப்பை அள்ளுபவர் இருக்கிறாரா, வைத்தியம் பார்க்க ஆள் உண்டா, அவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் இன்னொருவர் உண்டா என்றுதானே பார்ப்போம்? கடலிலும் அப்படித்தான். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலைகள் நடக்கின்றனவா என்பதுதான் ஆரோக்கியம் என்ற சொல்லின் பொருள்.

கிளிமீனை எடுத்துக்கொள்வோம். பச்சையும் நீலமுமாக, கிளி மூக்குப் போல வாய் வைத்திருக்கும் மீன். பவளப்பாறைப் பக்கம் மூழ்கினால் அது மேய்கிற சத்தமே காதில் கேட்கும். கறுக் கறுக்கென்று கல்லைச் சுரண்டும். பாறைமேல் படர்ந்த பாசிதான் அதன் சாப்பாடு. பாசியோடு சேர்த்துச் சுண்ணாம்பையும் விழுங்கி, அரைத்து, மணலாக வெளியே விடும். பவளத்தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு கிளிமீன் வயிற்று வழியாக வந்ததுதான். அது சுரண்டிச் சுத்தமாக்கிய இடத்தில்தான் புதிய பவளக் குஞ்சு வந்து ஒட்ட முடியும். பாசி மூடிய பாறையில் அதற்கு இடம் கிடைக்காது.

மணலுக்குள் கடல் அட்டை. பார்த்தால் தோல் உறை போல அசையாமல் கிடக்கும். மணலை விழுங்கி, அதில் இருக்கும் அழுகல் கழிவைச் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வயலில் மண்புழு செய்கிற வேலை. வெளிநாட்டில் நல்ல விலை போவதால் அளவில்லாமல் எடுத்தார்கள். இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. எதிர்க்கரையில் இலங்கையில் யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் அதையே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள்.

யாருடைய வேலை எவ்வளவு முக்கியம் என்பது அவர் இல்லாதபோதுதான் தெரியும். அமெரிக்காவில் ராபர்ட் பெய்ன் என்ற ஆய்வாளர் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார். வாஷிங்டன் மாநிலத்தின் மக்கா விரிகுடாவில் அலையடிக்கும் பாறைகள் இருக்கின்றன. அவற்றின்மேல் சிப்பிகள், கொட்டலசுகள், பாசிகள், நத்தைகள், இவற்றைத் தின்னும் ஒரு நட்சத்திர மீன். 1963-ல் தொடங்கி, ஒரு பகுதியில் இருந்த நட்சத்திர மீன்களை மட்டும் பெயர்த்தெடுத்துக் கடலுக்குள் வீசிக்கொண்டே இருந்தார். பக்கத்துப் பாறையை அப்படியே விட்டுவிட்டார். வேறு எதையும் தொடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஒரே ஒரு சிப்பி வகை பாறையை ஆக்கிரமித்தது. முதலில் 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின. அந்தச் சிப்பியை நட்சத்திர மீன் தின்று கட்டுக்குள் வைத்திருந்ததால்தான் மற்றவற்றுக்கு இத்தனை நாள் இடம் கிடைத்திருக்கிறது என்பது அப்போது புரிந்தது. வளைவு கட்டும்போது உச்சியில் செருகும் கல்லைப் பிடுங்கினால் மொத்த வளைவும் சரியும். ஆங்கிலத்தில் கீஸ்டோன் எனப்படும் அந்த உச்சிக்கல்லின் பெயரையே இப்படிப்பட்ட உயிர்களுக்கு 1969-ல் அவர் வைத்தார். இன்றுவரை அந்தப் பெயர்தான்.

சரி, முக்கியமான வேலையைச் செய்ய இரண்டு மூன்று பேர் இருந்துவிட்டால் கவலை இல்லையே? ஆமாம், பல்லுயிர் என்பதன் உண்மையான பலனே அதுதான். ஒன்று போனாலும் இன்னொன்று தாங்கும். ஆனால் தாங்கிக்கொண்டிருப்பது கடைசி ஆள் என்பது நமக்குத் தெரியாமலே போகலாம். ஜமைக்காவில் அதுதான் நடந்தது. பாசி மேயும் மீன்களைப் பல ஆண்டுகளாகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். அப்போதும் பவளப்பாறை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஏனென்றால் நீண்ட கறுப்பு முள் கொண்ட கடல் முள்ளெலிகள் அந்தப் பாசியைத் தின்றுகொண்டிருந்தன. 1980-ல் ஒரு பெரும்புயல் பாறைகளை உடைத்துப்போட்டது. 1983-ல் ஏதோ ஒரு நோய் வந்து முள்ளெலிகள் கரீபியன் கடல் முழுக்கக் கொத்துக் கொத்தாகச் செத்தன. பிறகு பாசியைத் தின்ன ஆளே இல்லை. 1977-ல் பாதிக்குமேல் உயிருள்ள பவளமாக இருந்த பாறைகளில் 1993-ல் 3 சதவீதம்தான் மிஞ்சியது. பாசி 92 சதவீதம். முள்ளெலி சாவதற்கு முந்தைய ஆண்டு அங்கே போய் இனங்களின் பட்டியல் எடுத்திருந்தால் கவலைப்படும்படி பெரிதாக எதுவும் கண்ணில் பட்டிருக்காது.

தண்ணீருக்கடியில் ஒரு டேப்

அப்படியானால் எதை அளப்பது? பவளப்பாறையில் அளப்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். கடலடிப் பாறைக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பார்’. எந்தப் பாரில் எந்த மீன் நிற்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆய்வாளர்கள் இருவர் நாட்டுப்படகில் ஒரு பாருக்குப் போகிறார்கள். போன ஆண்டு அங்கே அடித்து வைத்த இரும்புக் கம்பியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தண்ணீர் பல நாள் கலங்கலாக இருக்கும். நீட்டிய கைக்கு அப்பால் மங்கலாகிவிடும். கம்பி கிடைத்ததும் துணிக்கடையில் வைத்திருப்பதைவிட நீளமான, 20 மீட்டர் டேப் ஒன்றைப் பாறைமேல் ஒட்டினாற்போல விரிக்கிறார்கள். ஒருவர் டேப்பின் மேலாக மெல்ல மிதந்தபடி, அதற்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார். கையில் பிளாஸ்டிக் பலகை, கயிற்றில் கட்டிய பென்சில். தண்ணீருக்குள் பென்சில் எழுதும்.

பூஜ்யத்திலிருந்து 35 சென்டிமீட்டர் வரை பாசி படர்ந்த செத்த பவளம். 35-லிருந்து 80 வரை மான்கொம்புப் பவளம், உயிரோடு. 80-லிருந்து 110 வரை மணல். 110-லிருந்து 190 வரை உருண்டைப் பவளம். இப்படியே 2,000 சென்டிமீட்டரும். கரைக்கு வந்து கூட்டுகிறார்கள். உயிருள்ள பவளம் மொத்தம் 520 சென்டிமீட்டர் என்றால் அந்தப் பாரின் உயிர்ப்பவளப் பரப்பு 26 சதவீதம். அவ்வளவுதான் கணக்கு. நான்காம் வகுப்புக் கணக்கு. கடினமானது என்னவென்றால் அதே கம்பி, அதே டேப், அதே மாதம் என்று இருபது வருடம் விடாமல் செய்வது.

அதே டேப்புக்கு இருபுறமும் நீந்தும் மீன்களையும் எண்ணுவார்கள். எண்ணிக்கையோடு உடம்பின் அளவையும் குத்துமதிப்பாக எழுதுவார்கள். பத்துச் சின்னக் களவாவும் ஒரு பெரிய களவாவும் எடையில் ஒன்றாக இருக்கலாம். முட்டையில் ஒன்றாக இருக்காது. பெரிய தாய் மீன் ஒன்றே அத்தனை சின்னதுகளையும் மிஞ்சிவிடும். பெரிய மீன்கள் ஒரு பாரிலிருந்து காணாமல் போவது ஆரம்ப எச்சரிக்கை.

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க இன்றும் பயன்படுத்துவது ஒரு வட்டத் தட்டு. கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, தட்டு எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865-ல் போப்பின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த அதே தட்டு. கருவி மாறாததால் நூறு வருடத்துக்கு முந்தைய அளவையும் இன்றைய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. புதிய முறைகளும் வந்திருக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரை வடிகட்டி, மீன்கள் உதிர்த்த செதிள், சளி, கழிவு ஆகியவற்றில் இருக்கும் டி.என்.ஏ.வைப் படித்து, அந்தப் பக்கம் வந்துபோனவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறார்கள். கடலின் நிறத்தை வைத்து நுண்பாசி எங்கே அதிகம் என்று செயற்கைக்கோள் காட்டுகிறது. ஐதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை அதையும் தண்ணீரின் வெப்பத்தையும் வைத்துக் கணித்து மீனவர்களுக்கு அனுப்புகிறது.

கரையில் மீன்வரத்தைக் கணக்கெடுப்பவருக்கும் ஒரு நுட்பம் உண்டு. மொத்தம் எத்தனை டன் என்பதை அவர் அப்படியே நம்பமாட்டார். போன வருடமும் இந்த வருடமும் பத்து டன்தான். ஆனால் போன வருடம் ஒரு நாள் இழுத்துக் கிடைத்தது இந்த வருடம் இரண்டு நாள் இழுத்தால்தான் கிடைக்கிறது என்றால் கடலில் மீன் குறைந்துவிட்டது என்று பொருள். டீசல் செலவை வைத்து எந்தப் படகு உரிமையாளரும் இதை உடனே சொல்லிவிடுவார். ஆய்வாளரின் சூத்திரமும் அதுவேதான்: உழைப்புக்கு எவ்வளவு கிடைத்தது.

வெளுப்பு

டேப் அளந்து கொடுத்த எண்களுக்கு வருவோம். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே வரிசையாகக் கணக்கில் 21 தீவுகள். 1986-ல் இவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம். கணக்கில் 21 என்று சொன்னேன். பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகளும் இன்று தண்ணீருக்கடியில். சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் முக்கியக் காரணம். அலையைத் தடுத்து நின்ற சுவர் போனதும் தீவின் மணலும் கரைந்தது. பவளத்தைத் தொடக்கூடாது என்று 2001-ல் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2005 வாக்கில் வெட்டுவது நின்றது. கடல் நலம் என்பது மீன் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் என்று நினைப்பவர்களிடம் இந்த இரண்டு தீவுகளைப் பற்றித்தான் நான் முதலில் பேசுவேன்.

வெட்டுவது நின்றபின் பவளம் மெல்லத் தேறியது. அப்புறம் வந்தது சூடு.

பவளம் ஒரு விலங்கு. குண்டூசித் தலை அளவிலிருந்து ஆரம்பிக்கும் சிறு சிறு உடல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, தம் அடியில் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொண்டே வளர்கின்றன. அந்த உடலின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை அப்படியே கிடைத்துவிடும். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதுதான். தண்ணீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அப்படியே சில வாரம் நின்றுவிட்டால் பாசியின் இயக்கம் கெட்டு, விஷம் போன்ற ஆக்சிஜன் சேர்மங்கள் உண்டாகின்றன. பவளம் வேறு வழியின்றிக் குடியிருப்பவரையே வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், உடல் வழியாக அடியில் இருக்கும் சுண்ணாம்பு வெள்ளை தெரிகிறது. இதைத்தான் வெளுப்பு என்கிறார்கள்.

வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. இதைப் பலரும் தவறாக எழுதுகிறார்கள். அது பட்டினி கிடக்கிறது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும், நிறமும் வரும். சூடு நீடித்தால் செத்துப்போகும். செத்த சில நாளில் மேலே பாசி படர்ந்து பழுப்பாகிவிடும். அதனால் எவ்வளவு சூடு என்பதோடு எத்தனை வாரம் சூடு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். வழக்கமான உச்சத்துக்கு ஒரு டிகிரி மேல் ஒரு வாரம் நின்றால் ஒரு வெப்ப வாரம். இரண்டு டிகிரி மேல் ஒரு வாரம் நின்றால் இரண்டு. நான்கு சேர்ந்தால் வெளுப்பு, எட்டு சேர்ந்தால் சாவு என்பது தோராயக் கணக்கு.

மன்னார் வளைகுடாவில் இந்தச் சூடு ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஏறும். தென்மேற்குக் காற்று பிடித்துத் தண்ணீரைக் கலக்கினால்தான் இறங்கும். 1998-ல் வெளுத்தது, 2010-ல் வெளுத்தது. 2016 கோடை அவற்றுக்கு அடுத்த பெரிய அடி. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆண்டுக்கணக்கில் டேப் விரித்து வந்ததால் முன்னும் பின்னும் என்ன என்று சொல்ல முடிந்தது: உயிர்ப்பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒரு கோடையில்.

அந்த எண்ணுக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எல்லாப் பவளமும் ஒன்றுபோலச் சாகவில்லை. வேகமாக வளரும் கிளைப் பவளங்கள்தான் அதிகம் செத்தன. மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள் பெரும்பாலும் தாங்கின. கிளைகளுக்கு நடுவில்தானே குஞ்சு மீன்கள் ஒளிந்து வளரும்? உருண்டையில் ஒளிய இடம் ஏது? ஆக, பரப்பு என்ற எண் நாளைக்குத் திரும்ப 38-ஐத் தொட்டாலும், அது உருண்டைகளால் வந்த 38-ஆக இருந்தால் பழைய பார் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. வேலைகள் என்று முன்பு சொன்னது இதைத்தான்.

சூட்டுக்குக் காரணம் உள்ளூரில் இல்லை. நாம் காற்றில் விட்ட கரியமில வாயுவால் பூமியில் தேங்கும் அதிகப்படி வெப்பத்தில் சுமார் 90 சதவீதத்தைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. வாயுவிலும் கால்வாசி அதற்குள் கரைகிறது. அதனால் அமிலத்தன்மை கூடி, ஓடு கட்டும் உயிர்களுக்குச் சிரமம். ஆனால் வெளுத்தபின் தேறுமா இல்லையா என்பதில் உள்ளூருக்குப் பெரிய பங்கு உண்டு. கிளிமீனும் ஓரா மீனும் பாசியை மேய இருந்தால் தேறும். கழிவுநீரும் சேறும் வந்தால் தேறாது. அந்த 21 தீவுகளில் ஒன்றான குருசடையில் இன்னொன்றும் நடந்தது. கரையோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்த்த வெளிநாட்டுப் பாசி ஒன்று தப்பிப்போய்ப் பவளத்தின்மேல் போர்வையாகப் படர்ந்ததை 2008-ல் பதிவு செய்தார்கள். கையால் பிய்த்து எடுக்கிறார்கள். ஒரு சிறு துண்டு மிஞ்சினாலும் மறுபடி வளர்கிறது. அந்தப் பாசி வளர்ப்பை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் அதே கரையில் இருக்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்று தூரத்திலிருந்து தீர்ப்புச் சொல்வது எளிது.

எந்தக் காலத்துக் கடலோடு ஒப்பிடுவது?

குறைந்துவிட்டது என்றால் எதைவிடக் குறைந்துவிட்டது? இந்தத் துறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-ல் ஒரே பக்கத்தில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலைக்கு வந்தபோது பார்த்த கடலையே சரியான கடல் என்று எடுத்துக்கொள்கிறது, அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்றுதான் அளக்கிறது என்றார். அளவுகோலே கீழே நழுவிக்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரிவதில்லை. அமெரிக்காவின் கீ வெஸ்ட் என்ற ஊரில் தூண்டில் பயணம் போய்வரும் சுற்றுலாக்காரர்கள் தாங்கள் பிடித்த பெரிய மீன்களைப் பலகையில் மாட்டிப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்தப் பழைய படங்களை ஒருவர் தேடி எடுத்து அளந்தார். 1950-களில் மாட்டிய மீனின் சராசரி எடை ஏறக்குறைய 20 கிலோ. 2007-ல் 2.3 கிலோ. இரண்டு காலத்துப் படங்களிலும் மனிதர்கள் ஒரே மாதிரி மகிழ்ச்சியாகச் சிரிக்கிறார்கள்.

இதற்கு மருந்து பழைய பதிவுகளும் பெரியவர்களின் நினைவும்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ல் தொடங்கியது. பின்பு கொச்சிக்குப் போவதற்கு முன் பல ஆண்டுகள் ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில்தான் தலைமையகம். அக்காலத்து மீன்வரத்துப் பதிவுகள் இன்று தங்கம். அதேபோல, பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் தலைமுறையாக முக்குளித்துப் பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். முகத்தில் கண்ணாடி, காலில் தகட்டை வெட்டிக் கட்டிய செருப்பு, இடுப்பில் வலைப்பை. எந்தப் பாரில் எப்போது எந்தப் பாசி குறைந்தது என்று அவர்களைப் போலப் பார்த்தவர்கள் கிடையாது. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்களும் அவர்கள். பூங்காச் சட்டம் வந்தபின் தீவுப் பக்கம் போனாலே குற்றம் என்று ஆனது அவர்களுக்குப் பெரிய வலி. அவர்களை வெளியே நிறுத்திவிட்டுச் செய்கிற ஆய்வு பாதிதான் என்பது என் எண்ணம்.

பாம்பனுக்குத் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும், வடக்கே அலையடங்கிக் கிடக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் ராமேசுவரத்தில் சொல்வார்கள். அந்தப் பெண் கடலின் அடியில் பரந்து கிடக்கிறது கடற்புல். பாசி இல்லை இது. வேர், இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான செடி. ஆவுளியா என்கிற கடல்பசு நாளொன்றுக்கு 30, 40 கிலோ புல் மேயும். மேய்ந்த இடத்தில் ஏர் ஓட்டிய சால் போலத் தடம் இருக்கும். விலங்கைக் காண்பதே அரிது என்பதால் ஆய்வாளர்கள் அந்தச் சால்களைத் தேடி எண்ணுகிறார்கள். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்தியாவில் முதலாவது. ஆனால் புல் இருந்தால்தான் பசு. இழுவை மடியின் கீழ்க்கயிறு தரையை உரசிப் போகும்போது புல் வேரோடு வரும். கழிசல் குவியலில் சுருண்டு கிடந்ததே, அதுதான்.

புல் அழிந்துபோன இடத்தில் திரும்ப நடுவதும் நடக்கிறது. மூங்கிலில் சட்டம் கட்டி, குறுக்கும் நெடுக்குமாகத் தேங்காய் நார்க் கயிறு பின்னி, ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு கடற்புல் தண்டைக் கட்டுகிறார்கள். படகில் கொண்டுபோய் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் தரையோடு பதித்துவிட்டு வருகிறார்கள். நாள் போகப்போக மூங்கிலும் நாரும் மக்கிவிடும், வேர் பிடித்துக்கொள்ளும். சில மாதம் கழித்துத் திரும்பப் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி, ஒரு சட்டத்தில் எத்தனை தண்டு நிற்கிறது, எத்தனை புதிதாக முளைத்திருக்கிறது என்று எண்ணிப் பலகையில் பென்சிலால் எழுதிக்கொண்டு மேலே வருகிறார்கள்.